அந்த ‘நான்’ யார்? நவீன நாடகப் பாத்திரங்களும் அவர்கள் பேசும் மொழியும்

எங்கள் பெரியம்மா மகன் ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் கோமரம், அதாவது சாமியாடி. கொடைத் திருவிழா நாளன்று மத்தியானம் வரை பெரியம்மா அவனை ஏசிக்கொண்டேதான் இருப்பார். “ஏல, விரதம் இருக்கவன் வெயில்ல அலையாதல, மயங்கி விழுந்திரப் போற.” அவனும் பதிலுக்கு ஏதாவது முணுமுணுப்பான். நடுராத்திரி ஆகும். கணியான் கூத்துக்காரரின் மகுட மேளம் உச்சத்துக்குப் போகும். சல்லடமும் கச்சையும் கட்டி, வல்லயம் என்ற ஈட்டியைப் பிடித்தபடி அவன் வந்து நிற்பான். அதே பெரியம்மா கைகூப்பிச் சொல்வார்: “சாமி, பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராமப் பாத்துக்கிடும்.” அவன் சொல்வான்: “நான் இருக்கேன்.”

அந்த ‘நான்’ யார்?

சாமி வந்ததா இல்லையா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. அந்த நம்பிக்கை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பாளையங்கோட்டையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நாடகம் படிக்கிறவன் என்பதால் என் காது வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. ‘ஏல’ போய்விட்டது, ‘சாமி’ வந்துவிட்டது. ‘பாத்துக்கோ’ என்று சொல்லவேண்டிய வாய் ‘பாத்துக்கிடும்’ என்கிறது. உடம்பு அதே உடம்பு, முழங்காலில் சின்ன வயதில் விழுந்த தழும்புகூட அப்படியே இருக்கிறது. மாறியது விளி, வினைமுற்றின் வால், ‘நான்’ என்ற சொல் சுட்டும் இடம். இந்த மூன்று மாறியதும் ஊரே வேறொரு ஆள் முன்னால் நிற்பதாக நடந்துகொள்கிறது.

நவீன நாடகத்தைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி வரும் ‘நெகிழும் அடையாளம்’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. அடையாளம் என்றால் “நீ யாரு?” என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில். நெகிழ்வது என்றால், அந்தப் பதில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. யார் கேட்கிறார், எந்தப் பேச்சில் கேட்கிறார், என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதைப் பொறுத்து அது மாறும். பதில் மாற மாற, ஆளும் கொஞ்சம் மாறிவிடுவார். இங்கேதான் புதிதாகப் படிக்க வருபவர்கள் தடுக்கி விழுவார்கள். இதை நடிப்பு, ஏமாற்று, மாறுவேடம் என்று எடுத்துக்கொள்வார்கள். மாறுவேடத்தைக் கலைத்தால் உள்ளே பழைய ஆள் பத்திரமாக இருப்பார். நான் சொல்லவரும் பாத்திரங்களுக்கு அப்படித் திரும்பிப் போக ஒரு பழைய ஆள் கிடையாது.

பழைய மேடையில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. கூத்தில் ராஜா வருகிறார் என்றால் தன் பெயரையும் பெருமையையும் பாடிக்கொண்டேதான் திரைக்குப் பின்னாலிருந்து வருவார். கட்டியக்காரன் கேட்பான், அவர் சொல்வார், விஷயம் முடிந்தது. விடிய விடிய ஆடினாலும் அவர் அந்த ராஜாதான்.

நம் பக்கத்துக்கு நெருக்கமான இன்னொரு உதாரணம், பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’. ‘நீராருங் கடலுடுத்த’ என்று நாம் பாடுவது இந்த நாடகத்தின் தொடக்கத்தில் வரும் தமிழ்த்தெய்வ வணக்கப் பகுதிதான். நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயரும் இந்த நாடகாசிரியரிடமிருந்து வந்தது. கதையில் பாண்டிய அரசன் ஜீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக் குடியேறுகிறான். அவனுடைய மந்திரி குடிலன் அரசன் முன்னால் ஒரு முகம் காட்டுகிறான், தனியாக நிற்கும்போது வேறு முகம். ஆனால் இரண்டு முகமும் பேசுவது ஒரே செய்யுள் தமிழ். அவன் மறைப்பது தன் எண்ணத்தை. தான் யார் என்பதில் அவனுக்கும் சந்தேகம் இல்லை, நமக்கும் இல்லை. சூழ்ச்சிக்காரன் என்பது அவனுடைய நிலையான முகவரி.

நவீன நாடகம் இந்த முகவரியைத்தான் பிடுங்கிப் போட்டது. சாமுவேல் பெக்கெட்டின் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ 1953இல் பாரிசில் முதலில் நடந்தது. அதில் ஒரு சிறுவன் வந்து விளாதிமிரை ‘மிஸ்டர் ஆல்பர்ட்’ என்று கூப்பிடுகிறான். விளாதிமிர் மறுக்காமல் ‘ஆமாம்’ என்கிறான். எந்த விளக்கமும் கிடையாது. ராஜா பாட்டுப் பாடிக்கொண்டு வந்த மேடையில், ஒருவன் யாரோ கூப்பிட்ட பெயருக்கு வெறுமனே தலையாட்டுகிறான்.

சரி, இதை எப்படிப் படிப்பது? நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு கருவி கொடுத்துவிட்டார்கள்: தன்மை, முன்னிலை, படர்க்கை. ஒரு பாத்திரம் தன்னை என்ன சொல்லிக்கொள்கிறது, அதன் முகத்துக்கு நேரே மற்றவர்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அது இல்லாத இடத்தில் அதைப் பற்றி என்ன பேசுகிறார்கள். இந்த மூன்றையும் காது கொடுத்துக் கேட்டாலே போதும்.

முன்னிலை: கூப்பிடும் குரல்

ஜார்ஜ் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ ஆங்கில உச்சரிப்பைப் பற்றிய நாடகம். ஆனால் 1913இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில்தான் முதலில் மேடையேறியது. லண்டனுக்கு வந்தது 1914இல். இந்தச் செய்தி எனக்கு எப்போதும் தெம்பு தரும். ஜெர்மனில் முடியுமென்றால் நெல்லைத் தமிழிலும் முடியும்.

எலிசா டூலிட்டில் லண்டன் தெருவில் பூ விற்கும் பெண். ஹிக்கின்ஸ் ஒலியியல் அறிஞர், ஒருவர் பேசுவதைக் கேட்டே எந்தத் தெருக்காரர் என்று சொல்லிவிடுவார். இவளுடைய பேச்சை மாற்றிச் சில மாதங்களில் சீமாட்டி என்று நம்பவைத்துவிடுவேன் என்கிறார். நண்பர் பிக்கரிங்குடன் பந்தயம் நடக்கிறது.

இதை எங்கள் பிள்ளைகளிடம் சொல்லும்போது நெல்லையப்பர் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவேன். “அண்ணாச்சி, ஒரு மொழம் வாங்கிட்டுப் போங்க” என்று கூப்பிடும் ஒரு பெண். அவளைக் கூட்டிக்கொண்டு போய் டிவியில் செய்தி வாசிக்க வைக்கிறேன் என்று ஒருவர் சவால் விடுகிறார். எலிசாவின் வட்டாரப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் ‘ஹ’ ஓசை விழுந்துவிடும். நம் பெண்ணுக்கு ‘ழ’ ‘ள’வாக இருக்கும், பழம் பளமாகும். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த ஏழைக் கிழவனை நூறு தடவை அவள் விழவைக்க வேண்டியிருக்கும். ‘சொல்லுதேன்’ ‘சொல்கிறேன்’ ஆகவேண்டும். ‘அங்ஙன’வை மறக்கவேண்டும்.

நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் எலிசாவை ஹிக்கின்ஸின் அம்மா வீட்டு விருந்தினர் முன் சோதித்துப் பார்க்கிறார்கள். உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது, ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. ஆனால் அவள் பேசும் விஷயம் என்ன? தன் சித்தி இன்ஃபுளுவென்சாவில் செத்ததாகச் சொன்னார்கள், தனக்கென்னவோ வீட்டில் இருந்தவர்களே தீர்த்துக்கட்டிவிட்டதாகத் தோன்றுகிறது என்கிறாள். மாளிகை உச்சரிப்பில் குடிசை வாழ்க்கை வெளியே வருகிறது. விருந்தினர்கள் திகைக்க, இதுதான் இப்போதைய நாகரிகப் பேச்சு என்று ஹிக்கின்ஸ் சமாளிக்கிறார்.

இந்தக் காட்சியில் கூட்டம் சிரிக்கும். நான் இங்கேதான் பிள்ளைகளை நிறுத்துவேன். ஒரே வாயில் இரண்டு எலிசாக்கள் இருக்கிறார்கள். ஓசை ஒருத்தியுடையது, நினைவு இன்னொருத்தியுடையது. எது உண்மையான எலிசா என்று கேட்டால் பதில் இல்லை. ஒருத்தி இன்னொருத்தியாக ஆகிக்கொண்டிருக்கும் நடுவழியை ஷா அப்படியே பிடித்து மேடையில் வைத்திருக்கிறார்.

கடைசி அங்கத்தில் எலிசா சொல்லும் இரண்டு விஷயங்கள்தான் என்னைப் பொறுத்தவரை இந்த நாடகத்தின் உயிர். முதலாவது, தன் படிப்பு எப்போது தொடங்கியது என்று அவள் பிக்கரிங்கிடம் சொல்கிறாள். ஹிக்கின்ஸ் உச்சரிப்புப் பாடம் ஆரம்பித்த நாளில் அல்ல. அந்த வீட்டுக்கு வந்த அன்றே பிக்கரிங் அவளை ‘மிஸ் டூலிட்டில்’ என்று அழைத்தாரே, அப்போதே தொடங்கிவிட்டது. பூக்காரிக்கும் சீமாட்டிக்கும் உள்ள வித்தியாசம் அவள் எப்படி நடந்துகொள்கிறாள் என்பதில் இல்லை, மற்றவர்கள் அவளை எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்கிறாள். முன்னிலை என்ற சொல்லுக்கு இதைவிட என்ன உரை எழுதமுடியும்? நம் ஊரில் ‘நீ’க்கும் ‘நீங்க’வுக்கும் நடுவில் ‘நீரு’ என்று ஒரு படி இருக்கிறது. “வாரும்வே, உக்காரும்” என்று ஒருவரைச் சொன்ன அந்த நிமிஷமே அவருக்கு ஒரு நாற்காலி போட்டாகிவிட்டது. நேற்றுவரை ‘ஏல’ என்று கூப்பிட்ட பையன் வேலை கிடைத்து ஊருக்கு வந்ததும் டீக்கடைக்காரர் ‘வாரும்’ என்கிறார். அவன் உட்காரும் விதமே மாறிவிடுகிறது. கவனித்துப் பாருங்கள்.

இரண்டாவது விஷயம் மனதைப் பிசைவது. ஒரு குழந்தையை அந்நிய நாட்டுக்குக் கொண்டுபோனால் அது அந்த ஊர்ப் பேச்சைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டு தன் பேச்சை மறந்துவிடும், நானும் உங்கள் நாட்டில் அப்படி ஒரு குழந்தைதான், என் மொழி எனக்கு மறந்துவிட்டது என்கிறாள் எலிசா. பழைய பூக்காரியாக இனி அவளால் வாழமுடியாது. சீமாட்டியாக வாழவோ பணமில்லை, இடமுமில்லை. சொல்லி வாய் மூடவில்லை, அவளுடைய அப்பா பளபளப்பான உடையில் திடீரென்று வந்து நிற்கிறார். அதிர்ச்சியில் எலிசாவின் தொண்டையிலிருந்து அந்தப் பழைய தெரு ஓலம் வந்துவிடுகிறது. ஹிக்கின்ஸ் ஜெயித்துவிட்டதாகக் குதிக்கிறார். மறந்துபோன மொழி மறையவில்லை, தொண்டைக்குக் கீழே எங்கேயோ கிடந்திருக்கிறது.

அந்த அப்பாவையும் விட்டுவிடக் கூடாது. குப்பை அள்ளும் டூலிட்டிலுக்கு எதிர்பாராமல் வருஷம் 3,000 பவுண்டு வருமானம் வந்துவிடுகிறது. இனிமேல் நடுத்தர வர்க்கத்துப் பேச்சை ஹிக்கின்ஸிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், ஒழுங்கான ஆங்கிலம் பேசுவதை விடவேண்டியிருக்கும் என்று அவர் வருத்தப்படுகிறார். அவருக்குத் தன் பேச்சுதான் ஒழுங்கான பேச்சு. இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஏனென்றால் சின்ன வயதில் சென்னையில் ஒரு நாடகக் குழுவில் சேரப் போயிருந்தேன். வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். “அந்தத் திருநெல்வேலி வாடையைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க, வேலைக்காரன் வேஷம் வந்தா அப்ப வச்சுக்கலாம்” என்றார்கள். கோபப்படக்கூடத் தெரியாமல் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றைக்கும் மேடையிலும் திரையிலும் நெல்லைப் பேச்சு பெரும்பாலும் அரிவாள் தூக்குபவருக்கும் சிரிக்கவைப்பவருக்கும்தான் கிடைக்கிறது. ஒரு விஞ்ஞானி, காதலில் தோற்ற ஒரு பெண், தத்துவம் பேசும் ஒரு கிழவர் இவர்களெல்லாம் ‘சொல்லுதேன்’ என்று பேசக் கேட்பது அரிது. இதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன். ஒரு பேச்சுக்கு ஒரே வகை ஆளை ஒட்டிவைத்துவிட்டால், அந்தப் பேச்சைப் பேசுகிறவர்களின் மற்ற எல்லா ஆள்களும் மேடைக்கு வராமலே போய்விடுகிறார்கள். நெல்லைத் தமிழ் என்று ஒன்றே ஒன்றுகூடக் கிடையாது. அம்பாசமுத்திரத்து வயக்காட்டுப் பேச்சு வேறு, உவரிக் கடற்கரைப் பேச்சு வேறு, கோவில்பட்டிக் கரிசல் பேச்சு வேறு.

தன்மை: வினைமுற்று காட்டிக்கொடுக்கும்

தன்மை என்றால் இலக்கணத்தில் பேசுபவர் இடம். அதே சொல் ஒரு பொருளின் இயல்பையும் குறிக்கும். ‘நான்’ என்று சொல்வதும் ஒருவருடைய இயல்பும் தமிழில் ஒரே பெயரில் இருக்கின்றன. பிரெஞ்சு மொழியியலாளர் எமீல் பென்வனிஸ்ட் 1958இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்: ‘நான்’ என்று சொல்கிறவர்தான் நான். அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன்னால் தயாராக ஒரு ‘நான்’ உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை, சொல்லும்போதுதான் அது உண்டாகிறது.

அப்படியானால் ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லவே மறுத்தால்? பெக்கெட்டின் ‘நாட் ஐ’ அதைத்தான் செய்கிறது. ‘நான் இல்லை’ என்பது பெயரின் பொருள். 1972இல் நியூயார்க்கில் முதலில் நடந்தது, குறுநாடகம். மேடை முழுக்க இருட்டு. தரையிலிருந்து சுமார் 8 அடி உயரத்தில் ஒரு வாய் மட்டும் வெளிச்சத்தில் தெரியும், முகம் கிடையாது. அந்த வாய் மூச்சுவிடாமல் ஒரு கிழவியின் கதையைக் கொட்டுகிறது. வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய ஊமையாகவே இருந்தவள். எழுபதை நெருங்கும் வயதில் ஒரு ஏப்ரல் காலை வயல்வெளியில் பூத் தேடி அலைந்துகொண்டிருக்கும்போது எல்லாம் இருண்டுபோகிறது. பிறகு சொற்கள் அவளிடமிருந்து வெள்ளமாக வருகின்றன. கேட்கிறவர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிடும், அந்தக் கிழவி இந்த வாய்தான். ஆனால் வாய் ஒத்துக்கொள்ளாது. யாரோ திருத்துவதுபோல அவ்வப்போது நிறுத்தும். என்ன? யார்? இல்லை, அவள்! என்று கத்திவிட்டு மறுபடி ஓடும். கடைசிவரை ‘நான்’ வரவே வராது.

இதைத் தமிழில் செய்து பார்க்கலாம் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டபோது ஒரு சிக்கல் வந்தது, அதில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆங்கிலத்தில் ‘போனேன்’ என்றாலும் ‘போனாள்’ என்றாலும் வினைச்சொல் ஒன்றுதான். முன்னால் நிற்கும் ‘நான்’, ‘அவள்’ மட்டும் மாறும். தமிழில் அப்படியில்லை. ‘நான்’ என்ற சொல்லை ஒளித்துவைத்தாலும் ‘போனேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் பேசும் ஒருத்தி தன்னை மறைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் காவல் இருக்கவேண்டும். ஒரு கணம் அசந்தால் ‘ஏன்’ வந்து விழுந்துவிடும்.

அப்புறம் ஒரு பிள்ளை கேட்டாள்: “அப்பம் முற்றே இல்லாமப் பேசுனா?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வினையெச்சம்! வந்து, போய், நின்று, பார்த்து, குனிந்து, எடுத்து. எச்சத்துக்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை எதுவும் கிடையாது. ஆண்பால், பெண்பால் கிடையாது. எச்சமாகவே அடுக்கிக்கொண்டு போனால் செய்தவர் யார் என்று சொல்லாமலே ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடலாம். முற்றுக்கு வந்து நின்றால்தான் ‘நானா, அவளா’ என்று பதில் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் வகுப்பில் நாம் சலித்துக்கொண்டு படித்த எச்சமும் முற்றும் ஒரு நாடகப் பாத்திரத்தின் ஒளிந்து வாழும் வீடாக மாறும் என்று யார் நினைத்தார்கள்?

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு நாடகங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெக்கெட்டின் ‘கிராப்பின் கடைசி ஒலிநாடா’ 1958இல் வந்தது. 69 வயதுக் கிழவர் தன் 39ஆம் வயதில் பதிவுசெய்த குரலைக் கேட்கிறார். அதில் தானே சொன்ன ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் அகராதியைப் புரட்டுகிறார். பீட்டர் ஹாண்ட்கேயின் ‘காஸ்பர்’ 1968இல் வந்தது. ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு வரும் ஒருவனுக்கு, கண்ணுக்குத் தெரியாத குரல்கள் வாக்கியங்களைக் கற்றுக்கொடுத்துக் கற்றுக்கொடுத்து, அவனை எல்லோரையும்போல ஆக்கிவிடுகின்றன. பேசக் கற்பதையே ஒரு வதையாகக் காட்டிய நாடகம் அது.

படர்க்கை: நாம் இல்லாத இடத்தில்

பெர்டோல்ட் பிரெக்ட்டின் ‘மனிதன் மனிதன்தான்’ 1926இல் மேடையேறியது. கதை நடப்பது பிரிட்டிஷ் இந்தியாவில், அதாவது பிரெக்ட் கற்பனை செய்த ஒரு இந்தியாவில். காலி காய் என்ற சுமைதூக்குபவன் மீன் வாங்க வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். ஒரு சிப்பாய் காணாமல் போனதால், பெயர் வாசிக்கும்போது ஆள் குறையக் கூடாதென்று மற்ற சிப்பாய்கள் இவனைப் பிடித்து நிறுத்துகிறார்கள். வகுப்பில் வராத நண்பனுக்காக நாம் ‘உள்ளேன் ஐயா’ சொல்வோமே, அப்படித்தான் ஆரம்பிக்கிறது. கடைசியில் அவன் ஜெரையா ஜிப் என்ற அந்தச் சிப்பாயாகவே ஆகிவிடுகிறான். நடுவில் ஒரு காட்சியில் காலி காயின் உடல் கிடப்பதாகச் சொல்லப்படும் பெட்டிக்கு முன்னால் நின்று அவனே இரங்கல் உரை சொல்கிறான். தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் பேசி அடக்கம் செய்துவிடுகிறான்.

படர்க்கையில் தமிழுக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. தன்மையில் நமக்குப் பால் கிடையாது. ஆணும் பெண்ணும் திருநங்கையும் ‘வந்தேன்’ என்றுதான் சொல்வார்கள். வம்பு தொடங்குவது மற்றவர் வாயில்: வந்தான், வந்தாள். தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழும் ஒரு பாத்திரம் மேடையில் பேசும்வரை எந்த உறுத்தலும் இல்லை. அவள் உள்ளே போனதும் மற்றவர்கள் பேசும் அந்த ஒற்றை ‘ன்’, ஒற்றை ‘ள்’ அவளுடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. ஆனால் மரியாதைப் பன்மைக்கு வந்தால் பால் மறைந்துவிடுகிறது. “அவுக வந்தாக” என்று சொல்லும்போது வந்தவர் ஆணா பெண்ணா என்று மொழி கேட்பதே இல்லை. ஒருவருக்கு மரியாதை கொடுத்த உடனே அவர் யார் என்று முடிவுசெய்யும் வேலை நம்மைவிட்டுப் போய்விடுகிறது. தமிழில் எழுதும் நாடகாசிரியருக்கு இது கையில் கிடைத்த பொக்கிஷம். நானறிந்தவரை போதுமான அளவு இதை யாரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை.

ஊருக்கும் படர்க்கை உண்டு. பிரையன் ஃப்ரீலின் ‘மொழிபெயர்ப்புகள்’ 1980இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் முதலில் நடந்தது. கதைக்காலம் 1833. ஆங்கிலேயப் படை அயர்லாந்து முழுவதையும் அளந்து, ஐரிஷ் ஊர்ப் பெயர்களை ஆங்கிலமாக்கி வரைபடம் போடுகிறது. அந்த வேலைக்கு உதவிசெய்யும் உள்ளூர்க்காரன் ஓவன். வெள்ளைக்காரர்கள் அவனை ‘ரோலண்ட்’ என்றே கூப்பிடுகிறார்கள். பெயர்தானே, என்ன போச்சு என்று முதலில் விட்டுவிடுகிறான். பிறகுதான் அது உறுத்துகிறது. சாரா என்றொரு பெண், பேச்சு வராதவள் என்று ஊர் நினைத்தவள். நாடகத்தின் தொடக்கத்தில் தன் பெயரைச் சொல்லக் கற்றுக்கொள்கிறாள். முடிவை நெருங்கும்போது ராணுவ அதிகாரி அதட்டி அவள் பெயரைக் கேட்கிறான். அவளால் சொல்லமுடியவில்லை. மறுபடி மௌனமாகிவிடுகிறாள்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்த நாடகம் அந்நியமே இல்லை. வெள்ளைக்காரன் ஏட்டில் நம் ஊர் ‘டின்னவெல்லி’. நம் பாட்டிமார் வாயில் அது ‘தின்னவேலி’. ஓசை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று வாழ்ந்து வாழ்ந்து தேய்ந்த பெயர், மற்றது வரி வசூலிக்க எழுதிக்கொண்ட பெயர். 2020இல் தமிழ்நாட்டில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு நெருக்கமாக மாற்ற அரசாணை வந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில நாட்கள் ஊர் ஊராக நடந்த வாதம் எழுத்துக்கூட்டலைப் பற்றியதாக எனக்குப் படவில்லை. நம்மை யார் எப்படிக் கூப்பிடுவது என்பதைப் பற்றியது அது.

பிள்ளைகளின் எச்ச நாடகத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒரு டார்ச் வெளிச்சத்தை அந்தப் பெண்ணின் வாயில் மட்டும் அடித்தோம். அவளே கோர்த்த வரிகள், எங்கள் ஊர்ப் பேச்சில். “…வெளிய எறங்கி… களத்து மேட்டுல நின்னு… பூவப் பாத்து, குனிஞ்சு… கண்ணு இருட்டி… பொறவு வாயி தொறந்து, மூடத் தெரியாம… என்ன? யாரு? இல்ல… அவ… அவ!” பத்து நிமிஷம் இப்படியே போனது. ஒரு ‘ஏன்’கூட விழவில்லை. முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை, அமைதியாக இருந்தோம்.

பேத்தியைக் கூட்டிப்போக வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சிதான் முதலில் பேசினார். “அவ அவங்கிதாளே, அது இவதாம்லா. இவளைத்தான் சொல்லிக்கிடுதா.” ஆமாம் ஆச்சி, எப்படிக் கண்டுபிடிச்சீக என்று பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்து எழுந்தார். “இதென்ன பெரிய வித்தை. ஒருத்திக்கு வாயி வராமலே எல்லாம் நடந்து முடிஞ்சிட்டுன்னா, அவ வேற எப்படிச் சொல்லுவா” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்.